காதில் விழாத சொல்லுக்குக் கார்டு போடாதீர்கள்

கேள்வி:

சென்செய் (ஆசிரியரே), வணக்கம். எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். ஜி.என்.எம். முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். தினமும் பஸ்தான். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகலாம் என்று ஏழு மாதமாக நானாகவே ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஆன்கி என்ற மனப்பாடக் கார்டு ஆப்பில் 2,000 சொல் உள்ள டெக் (கார்டுத் தொகுப்பு) ஒன்றை இறக்கி, தினம் 20 புதுக் கார்டு பார்த்தேன். 1,400 வரை வந்துவிட்டேன். நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் ரிவியூ, அதாவது திரும்பப் பார்க்க வேண்டிய பழைய கார்டு, குவிந்துவிடுகிறது. இப்போது 640 பாக்கி. ஆப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது. யூடியூபில் ஒருவர், இலக்கணமும் வேண்டாம் வகுப்பும் வேண்டாம், இம்மெர்ஷன் (மொழிக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது) போதும், நாள் முழுக்க அனிமே ஓடட்டும் என்கிறார். ஓடவிட்டுப் பார்த்தேன். சப்டைட்டிலை எடுத்தால் ஒரு வரி புரியவில்லை. கார்டில் தெரிந்த சொல்கூடக் காதில் விழுவதில்லை. கார்டா, இம்மெர்ஷனா? டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை எழுதலாமா? "27 வயசுல புது பாஷை ஏறாது" என்கிறான் அண்ணன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அண்ணனுக்கு முதலில் ஒரு வார்த்தை. உச்சரிப்பை அச்சு அசலாகப் பிடிப்பதில் குழந்தைகள் கெட்டி. சொல்லும் இலக்கணமும் ஆரம்பத்தில் பெரியவர்களுக்குத்தான் வேகமாக வரும். முதியோர் இல்லத்தில் உங்களிடம் டோக்கியோ உச்சரிப்பை யாரும் கேட்கப் போவதில்லை. சொன்னது புரிந்ததா, பதில் சொல்ல வந்ததா, அவ்வளவுதான். அண்ணனை இத்துடன் விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி, "கார்டில் தெரிந்த சொல்கூடக் காதில் விழுவதில்லை" என்பது. 640 பாக்கியைவிட இதுதான் பெரிய விஷயம். உங்கள் டெக்கில் முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் ஆங்கில அர்த்தம் இருக்கும். நீங்கள் பழகியது எழுத்தைப் பார்த்து, யோசித்து, அர்த்தம் சொல்வதற்கு. பேச்சில் யோசிக்க நேரம் கிடையாது. அதோடு, எழுத்தில் இருப்பது அப்படியே வாயில் வருவதும் இல்லை. மருந்துக்குக் 'குசுரி' என்று படித்திருப்பீர்கள். ஜப்பானியர் சொல்லும்போது அந்தக் 'கு'வில் உயிரெழுத்து கிட்டத்தட்டக் காணாமல் போய், 'க்சுரி' என்றுதான் வரும். 'நொமிமஷித' என்று எழுதியிருப்பது 'நொமிமஷ்த' என்று விழும். 'தெசு' என்பது 'தெஸ்'. "குசுரி ஒ நொமிமஷித க" என்று கார்டில் இருந்தால் உடனே அர்த்தம் சொல்வீர்கள். "க்சுரியொ நொமிமஷ்தக" என்று ஒரே மூச்சில் காதில் வந்தால் எங்கே எந்தச் சொல் முடிகிறது என்றே தெரியாது. ஞாபகசக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரிந்த சொல்லைக் காது இன்னும் சந்திக்கவே இல்லை.

அந்த வாக்கியத்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 'நொமு' என்ற கார்டில் 'குடிக்க' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். தண்ணீர், டீ, சாராயம் எல்லாவற்றுக்கும் சரி. முதியோர் இல்லத்தில் இந்தச் சொல் அதிகம் வருவது மாத்திரையோடு. நாம் மாத்திரை 'போடுகிறோம்', அவர்கள் மாத்திரையையும் 'நொமு'தான். "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு தாத்தாவிடம் கேட்கிற வாக்கியமாக இதை நீங்கள் முதலில் காதால் கேட்டிருந்தால், இந்த விளக்கமே தேவைப்பட்டிருக்காது. தனிச் சொல்லாகப் படித்ததால், ஆங்கில அர்த்தத்தை நடுவில் வைத்துக்கொண்டு 'மருந்தைக் குடிப்பதா, சிரப்பா?' என்று முழிக்க வேண்டியிருக்கிறது. 2,000 சொல் டெக் முழுக்க இப்படி ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

ஆகவே கார்டா இம்மெர்ஷனா என்று கேட்டால், இரண்டும்தான். உங்களிடம் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் கேளுங்கள். கேட்டதில் புரிந்தும் புரியாமலும் நின்ற சொல்லுக்குக் கார்டு போடுங்கள். யாரோ தொகுத்த பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, அப்புறம் போய் மொழியைக் கேட்பது என்றால், அந்த 'அப்புறம்' வரவே வராது.

கார்டைக் குறைசொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும். 1972-ல் லைட்னர் என்பவர் இதையே அட்டைப் பெட்டிகளாக மாற்றினார். 2006-ல் வந்த ஆன்கி அதே யோசனையைக் கம்ப்யூட்டருக்கும், பிறகு போனுக்கும் கொண்டுவந்தது. மறக்கப் போகிற நேரம் பார்த்துக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஒரு தடவை சந்தித்த சொல் கைவிட்டுப் போகாமல் அது பிடித்துவைக்கும். சந்திப்பு நடக்கவேண்டிய இடம் வேறு.

சரி, 640-க்கு வருவோம். டெக்கை அழிக்காதீர்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடிக்கவும் உட்காராதீர்கள். என்னிடம் வருகிற நர்ஸ் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்வார்கள். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிட்டு, அடுத்த பத்து நாள் ஆப்பைத் தொடமாட்டார்கள். டெக் ஆப்ஷனில் புதுக் கார்டு 20 என்றிருப்பதை 0 ஆக்குங்கள். ஒரு நாள் ரிவியூ வரம்பை 80 என்று வையுங்கள். 80 முடிந்ததும் ஆப்பே அன்றைக்கு முடிந்தது என்று சொல்லிவிடும். ரிவியூ வரிசையில், நினைவில் நிற்க அதிக வாய்ப்புள்ள கார்டு முதலில் வருமாறு மாற்றவும் ஒரு வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். எது ஏற்கெனவே மறந்துவிட்டதோ அது இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் நஷ்டமில்லை. மறக்கப் போகிறதைக் காப்பாற்றுவதுதான் அவசரம். புதிது சேராதவரை இரண்டு மூன்று வாரத்தில் குவியல் வடிந்துவிடும்.

வடியும்போது இரக்கம் பார்க்காமல் களையெடுங்கள். எட்டுத் தடவை தவறிய கார்டை ஆன்கி தானே 'லீச்' என்று குறிக்கும், ஆப்ஷனைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். இரத்தம் குடிக்கிற அட்டை, பொருத்தமான பெயர்தான். ஒதுக்கியதைத் திரும்ப வரிசைக்குள் கொண்டுவராதீர்கள். எட்டு வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கார்டு வரும்போதெல்லாம் எரிச்சல் வந்தால் சஸ்பெண்ட் செய்து, இனி வராமல் நிறுத்துங்கள். அந்தச் சொல் முக்கியமானது என்றால் என்றைக்காவது ஒரு பேச்சில் வந்து நிற்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பட்டன் விஷயத்தில் ஒன்று. மறந்துபோன கார்டுக்கு 'அகெய்ன்' போட மனசு வராமல் 'ஹார்ட்' போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. 'ஹார்ட்' என்றால், கஷ்டப்பட்டேன், ஆனால் வந்தது என்று அர்த்தம். மறந்ததற்கு அதை அமுக்கினால், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்து ஆப் தள்ளிப் போட்டுக்கொண்டே போகும். 2023-க்குப் பிறகு வந்த ஆன்கியில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதுக் கணக்குமுறை இருக்கிறது. பழையதைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதுவும் நீங்கள் அமுக்குவதை நம்பித்தான் கணக்குப் போடும். அதில் எத்தனை சதவீதம் நினைவில் நிற்க வேண்டும் என்று ஓர் இடம் இருக்கும், 90 என்றே விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு 97 வைத்தால் ரிவியூ பல மடங்காகும். இன்னொன்று, ஆன்கி ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம். ஐபோனில் மட்டும் ஒரு தடவை காசு கட்ட வேண்டும். அதே பெயரை ஒட்டி மாதச் சந்தா கேட்கிற வேறு ஆப்களும் உண்டு, ஏமாற வேண்டாம்.

இனிப் புதுக் கார்டு எங்கிருந்து வர வேண்டும்? ஜப்பான் ஃபவுண்டேஷன் 'இரோதொரி' என்ற பாடநூலை இலவசமாகத் தருகிறது. ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே எழுதியது. பாடமும் ஆடியோவும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு உரையாடல் அரை நிமிடம், ஒரு நிமிடம்தான் வரும். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறியதும் அதில் ஒன்றைப் போடுங்கள். புத்தகத்தைத் திறக்காதீர்கள். ரெட்டிச்சாவடி வருவதற்குள் அந்த ஒரே உரையாடல் பத்துத் தடவையாவது ஓடியிருக்கும். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பது தெரியும். பிறகு ஒரு 'க' கேட்டு, ஓ இது கேள்வி என்று பிடிபடும். தவளக்குப்பம் தாண்டும்போது ஏழெட்டுச் சொல் தனித்தனியாக நிற்கும். அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து வரிகளைப் பாருங்கள். காதில் என்னவோ என்று விழுந்தது எழுத்தில் என்னவாக இருக்கிறது என்று பார்க்கிற அந்த நிமிடத்தில்தான் மொழி ஒட்டும். அன்று இரவு, அந்த உரையாடலிலிருந்து ஐந்து அல்லது ஆறு வாக்கியத்துக்குக் கார்டு. அதற்கு மேல் வேண்டாம்.

கார்டின் முன்பக்கம் ஒலி மட்டும் இருக்கட்டும். இறக்கிய ஆடியோவை வெட்டி ஒட்டலாம். அது முடியாவிட்டால் கார்டு போடும்போதே போனில் பதிவு செய்து சேர்க்கிற வசதி இருக்கிறது, ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பதிந்தாலும் போதும். பின்பக்கம் வாக்கியம் ஜப்பானிய எழுத்தில், அதன் கீழே தமிழ் அர்த்தம். ஒரு கார்டில் தெரியாத சொல் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் அந்த வாக்கியத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று விட்டுவிடுங்கள். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தினம் போடுகிற புதுக் கார்டைப் போல ஏழு முதல் பத்து மடங்கு வரை அன்றாட ரிவியூ வந்து நிற்கும். 20 போட்டால் 150, 200 என்று ஏறும். ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஆளுக்கு அது கட்டுப்படியாகாது.

பின்பக்கம் தமிழ் என்று சும்மா சொல்லவில்லை. ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிப்பது நமக்குச் சுற்றுவழி. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, இதெல்லாம் பலருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி. 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'தபெதெ' சாப்பிட்டு, 'மிரு' பார். 'கத்தெ ஒகு' வாங்கி வை. 'கத்தெ குரு' வாங்கி வா. ஆங்கிலப் புத்தகத்தில் இது ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம், ஒரு பெட்டி, ஒரு விளக்கம் இருக்கும். நமக்கு அது வீட்டில் பேசுகிற பேச்சு. 'தபெதெ ஷிமத்த' என்பது 'சாப்பிட்டுவிட்டேன்'. பேச்சில் நாம் அதைச் 'சாப்பிட்டுட்டேன்' என்று சுருக்குகிறோம், அவர்கள் 'தபெச்சத்த' என்று சுருக்குகிறார்கள். 'தரெ மோ இநாய்' என்றால் 'யாரும் இல்லை'. நம் 'உம்' செய்கிற வேலையை அங்கே 'மோ' செய்கிறது. 'கினோ கத்த ஹொன்' அப்படியே 'நேற்று வாங்கிய புத்தகம்'. ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் புத்தகத்தை முன்னால் இழுத்து வர வேண்டும். 'எனக்கு டீ பிடிக்கும்' என்பதில் டீக்கு 'ஐ' போடுகிறோமா? அவர்களும் அங்கே நம் 'ஐ'க்குச் சமமான 'ஒ' போடுவதில்லை, 'கா'தான். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது.

அதற்காக, தமிழும் ஜப்பானும் ஒரே குடும்பம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியலை எல்லாம் நம்பி உட்கார வேண்டாம். ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதிட்டது உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

ஒத்துப்போகாத இடமும் உண்டு. குறில் நெடிலும் ஒற்று மிகுவதும் நம் காதுக்குச் சுலபம். 'ஒபசன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த இரண்டையும் குழப்புவார்கள், உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. ஆனால் வல்லினம் காலை வாரும். தங்கமும் 'கின்', வெள்ளியும் 'கின்'. முதலாவதில் 'கண்' என்கிற க, இரண்டாவதில் 'கங்கை' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் ஒலிக்கிற க. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல நிற்கின்றன. ஆகவே கார்டில் ஜப்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். இங்கே அச்சில் வேறு வழியில்லாமல் நான் எழுதுகிறேன். உங்களுக்கு ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்து தெரியும், அதிலேயே எழுதுங்கள். 'வ', 'கா' என்ற இரண்டு எழுவாய் உருபுகளுக்கும் தமிழில் நேர் கிடையாது, அதற்கு வகுப்போ இலக்கணப் புத்தகமோ வேண்டும். யூடியூப்காரர் இலக்கணம் வேண்டாம் என்று சொன்னதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அவர் சொல்கிற இம்மெர்ஷன். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுச் சங்கதியே இல்லை. 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி நம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இன்றும் நடக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை கணக்கையும் அறிவியலையும் பிரெஞ்சிலேயே படித்து வெளியே வருகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களையும் பார்த்திருப்பீர்கள். இம்மெர்ஷன் என்ற பெயரில் இதைப் பள்ளித் திட்டமாகச் செய்து ஆராய்ந்தது கனடாவில். 1965-ல் கியூபெக் மாநிலத்து செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசுகிற வீட்டுக் குழந்தைகளைப் பாலர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிக்கவைத்தார்கள். அதன் வழியில் வந்த வகுப்புகளை ஆராய்ந்தபோது, அந்தப் பிள்ளைகள் கேட்டதும் படித்ததும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. பேச்சும் எழுத்தும் மட்டும் பின்தங்கின. வருடக்கணக்கில் கேட்டும் ஏன் இப்படி என்று யோசித்து, வாயைத் திறந்து சொல்லவேண்டிய கட்டாயம் இருந்தால்தான் அது வரும் என்று மெரில் ஸ்வெய்ன் என்ற மொழி ஆய்வாளர் 1985-ல் எழுதினார்.

அந்தக் குழந்தைகளுக்கு எதிரே ஒரு டீச்சர் இருந்தார். முகத்தைப் பார்த்துப் புரியவில்லை என்று தெரிந்தால் மெதுவாக, படம் காட்டி, வேறு மாதிரி சொன்னார். அனிமே உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. புரியாத பேச்சு எத்தனை மணி நேரம் பின்னால் ஓடினாலும் அது ஃபேன் சத்தம்தான். ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பது ஆங்கிலம் படிக்கிற பயிற்சி, அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே. சண்டை அனிமேயில் இன்னொரு ஆபத்து. கதாநாயகன் தன்னை 'ஒரெ' என்பான், எதிரியை 'ஒமஎ' என்பான். 80 வயதுப் பாட்டியிடம் போய் அதைச் சொன்னால் "ஏய், நீ" என்று கூப்பிட்டதாகிவிடும். பார்க்க ஆசையாக இருந்தால் பாருங்கள், அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டியது, முக்கால்வாசி புரிந்து கால்வாசி புரியாத பொருள். இரோதொரி உரையாடல்கள் அப்படி. வாசிக்க 'ததொகு' என்ற பெயரில் தரம் பிரித்த குட்டிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பூஜ்யம் தரத்தில் படமும் இரண்டு வரியும்தான். குழந்தைத்தனமாக இருக்கிறதே என்று தாண்டாதீர்கள். அகராதி இல்லாமல் ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற அனுபவம் இப்போது உங்களுக்கு வேண்டும். கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளையும் அங்கேயே சொல்லோடு சேர்த்துப் பாருங்கள், தனியாகப் பட்டியல் போட்டு எழுதிப் பழகும் நேரம் உங்களிடம் இல்லை. தேர்விலும் கையால் எழுதச் சொல்வதில்லை.

பேச்சுக்கு ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் 'கொஎககெ' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைத் தொடும் முன், தூக்கும் முன், படுக்கையைச் சாய்க்கும் முன், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நல்ல நர்ஸ் இங்கேயும் அதைச் செய்கிறாள். "பாட்டி, பிபி பாக்குறேன், கையக் குடுங்க" என்று நீங்கள் தினமும் சொல்கிறீர்கள். அதைத் தமிழில் வாயால் சொல்லி, அடுத்த நொடி மனசுக்குள் ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள். "கெத்சுஅத்சு ஒ ஹகரிமசு நெ." எழுப்பி உட்காரவைக்கும்போது "ஒகொஷிமசு நெ." ஊசி போட்டபின் "இதக்கு நாய் தெசு க", வலிக்கலையே? ஒரு ஷிஃப்டில் இப்படி எத்தனையோ வாக்கியம் ஓடும். எங்கே சொல் வராமல் நின்றதோ, அதைக் கையில் கிறுக்கிக்கொண்டு வந்து அன்றைய கார்டாகப் போடுங்கள். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான டெக்கை யாரும் தொகுத்துத் தர முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது எதிரே ஒரு மனுஷர் உட்கார்ந்து உங்கள் தப்பைத் திருத்தவும் வேண்டும். வகுப்போ, ஆன்லைனில் ஒருவரோ, உங்கள் வசதி.

டிசம்பர். ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். நமக்குப் பக்கம் சென்னை. என்4-ல் 180-க்கு 90 வாங்க வேண்டும். அதோடு கேட்டல் பகுதியில் தனியாக 60-க்கு 19, மற்ற பகுதியில் 120-க்கு 38 என்று குறைந்தபட்சமும் உண்டு. மொத்தம் 120 வாங்கிக் கேட்டலில் 18 என்றால் ஃபெயில். கேட்டல் 35 நிமிடம், ஒலி ஒரே தடவைதான் ஓடும். பழைய தேர்வுமுறையில் இந்த நிலைக்கு ஏறக்குறைய 1,500 சொல், 300 கான்ஜி என்று அளவு வைத்திருந்தார்கள். 2010-க்குப் பிறகு பட்டியல் வெளியிடுவதில்லை என்றாலும் அந்த அளவை இன்றைக்கும் நம்பலாம். சொல் எண்ணிக்கையில் நீங்கள் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். காது மட்டும் அதற்குக் கீழ்நிலையான என்5-ல் நிற்கிறது. இன்றிலிருந்து பஸ் நேரத்தை முழுக்கக் கேட்பதற்குக் கொடுத்தால் டிசம்பரில் என்4 எழுதலாம் என்பது என் கணிப்பு. கொடுக்க முடியாது என்றால் என்5 எழுதி மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லமாட்டேன், அந்தச் சான்றிதழ் உங்கள் விசாவுக்கு உதவாது.

ஏனென்றால் பராமரிப்பு வேலைக்கான 'தொகுதெய் கினோ' (குறிப்பிட்ட திறன்) விசாவுக்கு என்4 வேண்டும், அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற தேர்வு. இந்த இரண்டாவது தேர்வு கம்ப்யூட்டரில். 250-க்கு 200 எடுக்க வேண்டும், முடித்ததும் திரையிலேயே முடிவு வந்துவிடும். வருடத்தில் பல தடவை நடப்பதால், டிசம்பர் கைநழுவினாலும் வருடம் போய்விட்டது என்று அழ வேண்டியதில்லை. இரோதொரியும் இதுவும் ஜப்பான் ஃபவுண்டேஷன் உருவாக்கியவைதான். இது போக, பராமரிப்புத் துறைக்கென்று திறன் தேர்வு ஒன்றும், பராமரிப்பு ஜப்பானிய மொழித் தேர்வு ஒன்றும் தனியாக எழுத வேண்டும். அதற்கான பாடநூலை ஜப்பான் சுகாதார அமைச்சகமே இலவசமாகப் போட்டிருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த விசாவில் நீங்கள் அங்கே நர்ஸ் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப் போவதுதான் வேலை. ஊசி போட மாட்டீர்கள். நர்ஸாக வேண்டும் என்றால் அவர்கள் நாட்டுத் தேர்வை அவர்கள் மொழியில் எழுதித் தேற வேண்டும். விசா பொதுவாக மொத்தம் ஐந்து வருடம்தான், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதற்குள் அந்நாட்டின் பராமரிப்பாளர் தேசியத் தேர்வில் தேறினால் வேறு விசாவுக்கு மாறித் தொடரலாம். ஜி.என்.எம். படித்த ஒருவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் நன்றாகவே இருப்பார். தெரியாமல் போனவர்கள்தான் ஆறு மாதத்தில் போன் பண்ணி அழுகிறார்கள். என்4 இல்லாமலேயே அனுப்பிவைக்கிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், வெளியுறவு அமைச்சகத்தின் ஈமைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

ஜே.எல்.பி.டி. விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதம் முன்பே திறந்து, குறுகிய காலத்தில் மூடிவிடும், இப்போதிருந்தே கண் வைத்திருங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். அதில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், மற்ற சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். பழக்கதோஷத்தில் இனிஷியல் போட்டுவிட்டுப் பிறகு விசா நேரத்தில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைகிற பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், இந்த வாரமே அதற்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.